லிடியாவுக்கு மூச்சு வாங்கட்டும்

1

அரியாங்குப்பத்தில் வீட்டு வாசலில் கார் நின்றது. நான் டிக்கியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். என் மகள் லிடியா தன் பையைத் தானே முதுகில் மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். வாசலில் நின்றிருந்த ரெஜினா அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவந்து அவளைப் பையோடு சேர்த்து வாரித் தூக்கிவிட்டார். எட்டு வயசுப் பெண். கால் இரண்டும் அண்ணியின் முட்டிக்குக் கீழே தொங்குகின்றன.

"ஏம்மா, ஹார்ட்டு ஆப்பரேசன் பண்ண புள்ளய நடக்க உட்டுட்டு நீ பொட்டியப் பாத்துக்கினு நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

ராத்திரி முழுக்க விமானம், விடிந்ததிலிருந்து கார், வயிற்றில் ஒரு காப்பி கிடையாது. எனக்கு வாய் சும்மா இருக்காது என்று ஊருக்கே தெரியும். ஆனால் இறங்கிய முதல் நிமிஷமே நாத்தனாரிடம் சண்டை எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். லிடியா தொங்கிக்கொண்டே பிரெஞ்சில் கத்தினாள். கீழே விடச் சொல்கிறாள்.

"என்னா சொல்றா?" என்றார் அண்ணி.

"உங்களப் பாத்ததுல ரொம்ப சந்தோசமாம் அண்ணி."

லீவு முடிந்து முந்தாநாள்தான் திரும்பினோம். பாரிஸுக்குப் பக்கத்து ஊரில் எங்கள் நாலாவது மாடி வீட்டில், ஊர்த்துணி இன்னும் மெஷினில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்களைப் போல இதயக் கோளாறோடு பிறந்த பிள்ளையை வளர்க்கிறவர்கள் ஊரிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்களுக்குள் பெரிய சண்டையே இதில்தான் வந்தது. இந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்கலாமா, கூடாதா?

2

லிடியா பிறந்தது இங்கே பிரான்ஸில்தான். இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியும் குறுகல். அழுதால் உதடு நீலமாகும். விரலும் நீலமாகும். பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நிறத்தைப் பார்த்தபிறகு ஒரு தாய்க்கு வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது.

அப்படி ஆகும்போது முட்டி இரண்டையும் மடித்து நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அருள் அதில் என்னைவிடக் கெட்டிக்காரர். நான் பதறி நிற்பதற்குள் இவர் பிள்ளையைச் சுருட்டி மார்பில் அணைத்துவிடுவார். வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. அவள் அழக் கூடாது. சாவியைக் காட்டினால் சாவி, கத்தரிக்கோலைக் காட்டினால்கூட ஒரு நிமிஷம் யோசிப்போம். பிரெஞ்சில் நான் தப்பில்லாமல் பேசக் கற்ற முதல் வாக்கியம், "குழந்தை களைப்பாக இருக்கிறாள்." கடையில், பஸ்ஸில், பிள்ளையைக் கொஞ்ச வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம், எல்லாரிடமும் இதையே சொன்னேன்.

முதல் பிறந்தநாளுக்கு முன்பே ஆப்பரேஷன். அன்றைக்கு அரியாங்குப்பத்தில் அண்ணி பச்சைத்தண்ணி குடிக்காமல் கிடந்தார். வில்லியனூர் மாதாவிடம் ஒரு வேண்டுதலும் வைத்தார். புள்ள பொழச்சா என் தம்பி அதத் தோள்ல சொமந்துக்கினு, செருப்பில்லாம நடந்தே ஒன் கோயிலுக்கு வருவான். வேண்டிக்கொண்டது அண்ணி, சுமக்க வேண்டியது இவர். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்!

பிள்ளை பிழைத்தாள். குறுகலை அகலமாக்கி, ஓட்டையை மூடி, உதட்டைச் சிவப்பாக்கிக் கையில் கொடுத்தார்கள். இனி மற்ற பிள்ளைகளைப் போல வளருங்கள் என்றார் டாக்டர். நாங்களும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பழையபடி தூக்கிக்கொண்டு திரிந்தோம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்கிற நாள் பண்டிகை நாள் மாதிரி. நாலு மாடியும் இவர் தோளில்தான் ஏறினாள். பள்ளிக்கூடம் சேர்ந்தபிறகும் அப்படித்தான். இவர் தோளில் ஏறினதும் அவள் முட்டி தானாக மடியும். அந்த அளவுக்குப் பழக்கிவைத்திருந்தோம்.

வேண்டுதல் மட்டும் நிறைவேறாமல் தள்ளிக்கொண்டே போனது. ஒரு வருஷம் லீவு கிடைக்காது, ஒரு வருஷம் டிக்கெட் கிடைக்காது. அண்ணி போனில் நினைவுபடுத்தாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

3

பள்ளிக்கூடத்தில் ஜிம் வகுப்பு என்று ஒன்று உண்டு. அதிலிருந்து விலக்கு வேண்டுமானால் டாக்டர் சான்று வேண்டும். இந்த நாட்டில் காகிதம் இல்லாமல் தும்மக்கூட முடியாது. சரி என்று இதய டாக்டரிடம் போய் நின்றோம். அவர் எங்களை மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். விலக்கு தர மாட்டேன் என்றார். அவளுக்கு முடிந்த அளவு எல்லா விளையாட்டும் ஆடலாம், நிற்கத் தோன்றினால் நிற்க விட வேண்டும் என்று நேர் எதிராக எழுதிக் கொடுத்துவிட்டார். அதோடு, ஆடிப் பழகாத உடம்பு, கொஞ்ச நாள் பிசியோதெரபிக்கு அனுப்புங்கள் என்றார். பிசியோதெரபி செய்கிறவரை இங்கே சுருக்கமாகக் கினே என்பார்கள்.

நம் ஊரில் பிசியோ என்றால் யாருக்கு? பக்கவாதம் வந்தவருக்கு, முட்டி ஆப்பரேஷன் செய்துகொண்டவருக்கு. கையைக் காலை நீவி விடுவார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நீவி விடப்போகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, முதல் நாள் லிடியாவுக்குத் தேங்காய் எண்ணெயைச் சூடு காட்டி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை சொதசொதவென்று தேய்த்து அழைத்துப் போனேன்.

அந்தக் கினே சின்னப் பெண், பெயர் கிளேர். இதயத் துடிப்பு பார்க்க லிடியாவின் நெஞ்சில் வட்ட வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டினாள். விழுந்தது. மறுபடி ஒட்டினாள். வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குப் போனது. குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அறை முழுக்க நம் வீட்டு வெள்ளிக்கிழமை வாசனை. நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். காகிதத்தாலும் ஸ்பிரிட்டாலும் துடைத்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது. மானம் போனதும் அதோடுதான்.

மீதி நேரத்தில் பிள்ளையை ஓடாத சைக்கிளில் ஏற்றி மிதிக்கச் சொன்னாள். லிடியா மிதித்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது. இவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எறக்கு, எறக்கு! ஆப்பரேசன் பண்ண புள்ளய இப்பிடியா போட்டு வாட்டுவாங்க?" எல்லாம் சுத்தமான அரியாங்குப்பம் தமிழ். கிளேருக்கு வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. சைக்கிளை நிறுத்தவில்லை. எங்களைப் பார்த்து அமைதியாக ஒன்று கேட்டாள்.

"நீங்கள் பயப்படுவது அவள் இதயத்துக்கா, அவளுக்கு மூச்சு வாங்குவதற்கா? இரண்டும் ஒன்றில்லை."

எனக்குச் சுருக்கென்றது. ஓடினால் எனக்கும் மூச்சு வாங்கும், கிளேருக்கும் வாங்கும். உதட்டைப் பார்த்தேன், செக்கச்செவேல் என்றிருந்தது. இத்தனை வருஷம் நான் பார்த்துப் பயந்தது என்றைக்கோ போய்விட்ட நிறத்தை. இவருக்கு அது இறங்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து உள்ளேயே வர மாட்டேன் என்று தெருவில் நின்றுகொண்டார். மழையில்கூட நின்றார், பிடிவாதம் பிடித்த மனுஷன். கோபம் இல்லை அது. பிள்ளைக்கு மூச்சு இரைப்பதை அவரால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தினம் சண்டை போட்டேன்.

காத்திருக்கும் அறையில் மற்ற பெற்றோர்களையும் பார்த்தேன். போர்ச்சுகல்காரி ஒருத்தி, தன் மகன் சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று, அதைப் படித்தோம் இதைப் படித்தோம் என்று கிளேருக்கே பாடம் எடுக்கும். அட, பயத்துக்கு நாடு கிடையாது என்று எனக்கு ஒரே ஆறுதல்.

வசந்தம் வருவதற்குள் லிடியா நாலு மாடியும் தானே ஏறினாள். லீவுக்குக் கிளம்பும்போது கிளேர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். ஊரில் போய்த் தூக்கிவைத்துக்கொண்டே இருந்தால் சேர்த்த பலம் எல்லாம் போய்விடும், தினமும் வேகமாக நடக்கட்டும். திரும்பி வந்ததும் பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு. டாக்டர் சரி என்றுவிட்டார், நானும் சரி. லிடியா அதையே கனவு கண்டுகொண்டிருந்தாள். அவள் அப்பா மட்டும் முடியாது என்றார்.

"தண்ணியில மூச்சு முட்னா யார் பதில் சொல்றது? நீயா?"

லீவு முடிவதற்குள் இவர் மனசு மாற வேண்டும். அந்த எண்ணத்தோடுதான் நான் விமானம் ஏறினேன்.

4

புதுச்சேரியில் எங்கள் உடற்பயிற்சிக்கூடம் கடற்கரைச் சாலை. காலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் வசதி. லிடியாவும் நானும் கைவீசி நடப்போம். பின்னால் இவர் ஒரு கையில் தண்ணி பாட்டில், ஒரு கையில் குடையோடு, மந்திரிக்குப் பாதுகாப்பு மாதிரி வருவார். வேகம் கூடினால் "மெதுவா, மெதுவா" என்று குரல் வரும். லிடியா பிரெஞ்சில் பதில் சொல்வாள். நான் அதை மொழிபெயர்க்க மாட்டேன்.

அண்ணிக்கு இன்னொரு கவலை. நெஞ்சில் இருக்கிற தழும்பு தெரியக் கூடாது என்று கழுத்து மூடின ஃபிராக்காக வாங்கி அடுக்கினார். "பொட்டப் புள்ள. நாளைக்கிக் கல்யாணம் காச்சின்னு வந்தா நாலு பேரு நாலு பேசுவாங்க." ஆகஸ்ட் புழுக்கத்தில் கழுத்து வரை பொத்தான்! லிடியாவோ இங்கே பள்ளிக்கூடத்துத் தோழிகளிடம் அந்தத் தழும்பைக் காட்டிப் பெருமையடிக்கிற ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த விருந்தாளிகள் முன்னால் பொத்தானைக் கழற்றி, "இங்கதான் தொறந்தாங்க" என்று தமிழிலேயே விளக்கினாள். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஊரில் இருக்கும்போது ஒரு தடவை காட்டிவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். பிசியோ பிரிவுக்கு வெளியே பிள்ளைச்சாவடிக்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மகளுக்கும் போன வருஷம் இதே மாதிரி ஆப்பரேஷனாம். உள்ளே போவதா, வீட்டுக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஆப்பரேசன் பண்ணியாச்சு, நல்லாயிட்டா. அப்பறம் எதுக்குக்கா எக்ஸசைஸு? வூட்டக் கட்டி முடிச்சி பால் காச்சுனப்புறம் கொத்தனார யாராச்சும் கூப்புடுவாங்களா?"

"கட்டுன வூட்ல குடியிருக்க வேணாமா? பூட்டியே வச்சிருந்தா?"

அவள் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லுவீங்க. ஸ்கூல்ல ஓட வேணாம்னு சொல்லி ஒக்கார வச்சிட்டாங்க. தெருவுல யாரும் சேத்துக்க மாட்றாங்க, எதுனா ஆயிட்டா நம்ம தலையில உழும்னு. இங்க வர ஒரு நாள் பொழப்பு போவுது. வந்து என்னத்த?" என்றவள், கொஞ்சம் கழித்து என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள். "ஒங்க பொண்ணு ஓடுதாக்கா?"

"ஓடுறா. ஆனா எல்லாப் புள்ளைக்கும் ஒரே கணக்கு கெடயாது. உன் பொண்ணு எவ்ளோ ஓடலாம்னு உள்ள போய் நீயே கேளு. அதக் கேக்கறதுக்காவது போ."

அவள் போனாள். வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தாள். "ஓடலாமாங்க்கா. கூடவே நானும் ஓடணுமாம்!" இவர் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று கடற்கரையில் "மெதுவா" கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ.

5

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை வேண்டுதலுக்கு நாள் குறித்தார் அண்ணி. அரும்பார்த்தபுரம் வரைக்கும் காரில் போய், அங்கிருந்து வில்லியனூர் கோயிலுக்கு நடப்பது என்று பேச்சு. விடிந்தும் விடியாமல் இறங்கினோம். இவர் செருப்பைக் கழற்றினார். அண்ணி கையில் மாலை, மெழுகுவத்தி, குடை.

"நான் நடக்கிறேன் அத்தை," என்றாள் லிடியா, நல்ல தமிழில்.

"சும்மா ஏறுடீ. மாதாகிட்ட சொமந்துக்கினு வர்றேன்னு சொல்லியாச்சு. சொன்ன வார்த்தைய மாத்துனா புள்ளைக்கு ஆவாது."

அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, அதற்கு மேல் இவரிடம் என்ன பேச முடியும்? குனிந்து பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். கைப்பிள்ளைக்கு வைத்த வேண்டுதல், எட்டு வயசில் நிறைவேறுகிறது. இவருக்கோ வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது, வயிறு அதற்கு முன்னால் தாண்டிவிட்டது. கொஞ்ச தூரம் கம்பீரமாகப் போனார். பிறகு சட்டை முதுகில் ஒட்டியது. பிறகு கால் இழுத்தது. அண்ணி பக்கத்திலேயே ஓடி ஓடிக் குடை பிடித்தார், அதுவும் பிள்ளைக்கு மட்டும்.

மேலேயிருந்து லிடியா குனிந்து, "அப்பா, எதுனா பேசு," என்றாள்.

"ம்," என்றார்.

"அது பேச்சில்ல. ஒரு வரி முழுசா பேசு."

இவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. "நிறுத்து!" என்று தலையில் தட்டினாள். "பேச முடியலன்னா ரொம்ப வேகம். நிக்கணும். கிளேர் சொன்னா." அப்படியே சறுக்கி இறங்கிவிட்டாள். ஓரத்து டீக்கடை பெஞ்சில் இவர் தொப்பென்று உட்கார்ந்து, நாய் மாதிரி இரைத்தார். லிடியா அவர் முதுகைத் தடவி, "மூக்கால இழு, வாயால ஊது," என்று வகுப்பெடுத்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஐயோ, பாதியில நிக்குதே. எறங்கிட்டாளே. ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டு மறுபடி தூக்குடா அருளு."

நான் அதுவரை வாயைக் கட்டிவைத்திருந்தேன். "அண்ணி, மாதாகிட்ட நீங்க என்ன கேட்டீங்க? புள்ளய நல்லாக்கிக் குடுன்னுதானே? நல்லாக்கிக் குடுத்துட்டாங்க. நல்லான புள்ள நடக்காதா? கேட்டத வாங்கிக்கினு, இது வேணாம்னு திருப்பிக் குடுக்குறீங்களே!"

அண்ணி குடையை மடக்கி மடக்கி விரித்தார். லிடியா அவள் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"அந்த வளைவு வரைக்கும் ஓடிக் காட்டவாப்பா?"

இவர் அவள் முகத்தைப் பார்த்தார். உதட்டைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே டீக்கடைக்காரரிடம் டீ சொல்லப் போனேன். பின்னால் குரல் கேட்டது.

"வண்டி வருதா பாத்து ஓடு."

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷன் அவள் இதயத்துக்குப் பயப்படாமல் வண்டிக்குப் பயந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. லிடியா ஓடினாள். கழுத்து மூடின ஃபிராக்கும் பறக்கிற சடையுமாக, ரோட்டோரம் கோழி மேய்ந்துகொண்டிருந்ததையெல்லாம் விரட்டிக்கொண்டு ஓடினாள். வளைவில் நின்று முட்டியில் கைவைத்துக் குனிந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. இவர் பெஞ்சை விட்டு எழுந்தார். நான் தடுக்கவில்லை. போனால் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. நின்ற இடத்திலேயே, பிடிக்க ஒன்றுமில்லாமல் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் நிமிர்ந்து, முகம் பூராவும் சிவந்து, வாங்க வாங்க என்று கையை ஆட்டினாள்.

"நீச்சலுக்கு என்னமோ துணி வாங்கணும்னியே," என்றார் என்னைப் பார்க்காமல். "போய் எறங்குனதும் வாங்கிடு."

மிச்ச வழி முழுக்க அவள் முன்னால், நாங்கள் பின்னால். அண்ணி மாலையும் கையுமாக எல்லாருக்கும் கடைசியில் வந்தார். கோயில் குளம் தெரிந்ததும் லிடியா மறுபடி ஓடினாள். நாங்கள் போய்ச் சேருவதற்குள் படியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

உள்ளே அண்ணி மெழுகுவத்தி ஏற்றி, மாலையைக் கொடுத்துவிட்டு, மாதா முன்னால் முட்டி போட்டார். அவருக்கு மனசுக்குள் ஜெபிக்கத் தெரியாது, எல்லாம் சத்தமாகத்தான். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அதெல்லாம் தெரியவில்லை. கன்னத்தில் தண்ணி வழிய வழிய, காய்கறிக்காரியிடம் பேரம் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"கோச்சிக்காத தாயே. சொமந்துக்கினு வரேன்னுதான் சொன்னேன், இல்லங்கல. கொழுப்பெடுத்த கழுத, தோள்ல நிக்க மாட்டங்குது. நான் என்னா பண்ணட்டும்? ஓடியே வந்துட்டா. ஏத்துக்க."